திறக்காத தைராய்டு ரிப்போர்ட்

ஸ்னேகாவைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு வயிறு எரியும். இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவள் என் ஓர்ப்படி, என் கணவர் ஜெய்ராமின் தம்பி மனைவி. இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம்கூட முடியவில்லை. நான் வந்து பதினாலு வருடம். ஆனாலும் காலையில் ஒரு வாய் காபி குடித்துவிட்டு மாமியார், "ஸ்னேகா போடற மாதிரி இல்லையே" என்பார். அந்தக் காபியைப் போட்டவள் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

அவள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். பெங்காலி தண்ணீர் மாதிரி ஓடும், தமிழில்தான் தடுக்கி விழுவாள். அவள் தப்பாகத் தமிழ் பேசினால் வீட்டில் எல்லோரும் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுகிறார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த நான் தப்பாகப் பெங்காலி பேசினால் மீன்காரன்கூடச் சிரிக்கிறான். நாங்கள் மீன் வாங்குவதில்லை, அது வேறு விஷயம். மாமனார் அவளைச் செல்லமாக, பெங்காலிகள் மருமகளைக் கூப்பிடுவதுபோல், 'பௌமா' என்பார். நான் அவருக்கு என்றைக்கும் அனுராதாதான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். சர்வரில் அவள் கை வைத்திருக்க வேண்டாம்.

கரியாஹாட்டில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் லேப் இருக்கிறது. மாமனார் ஸ்ரீனிவாசராகவன் ஆரம்பித்தது. ரத்தம், சர்க்கரை, தைராய்டு என்று எல்லாப் பரிசோதனையும் செய்வோம். நான் கல்யாணமாகி வந்தபோது ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சர்வர் வாங்கிவைத்து, நோயாளிகள் போனிலேயே ரிப்போர்ட் பார்க்கும்படி வெப்சைட் போட்டது நான். சர்வரை ஓட்டும் லினக்ஸை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. குழந்தையைத் தூங்கவைத்த கையோடு படித்துக் கற்றுக்கொண்டேன். அதன்பிறகு லேபில் கம்ப்யூட்டர் என்றால் அனுராதா என்று ஆயிற்று. இந்த வீட்டில் என்னுடையது என்று எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

போன வருடம் துர்கா பூஜைக்கு முன்னால் எவனோ வெப்சைட் வழியாக உள்ளே புகுந்து ரிப்போர்ட்டுகளை எல்லாம் பூட்டிப் போட்டுவிட்டான். லேபையே மூடிவைக்க வேண்டியதாயிற்று. மாமனார் என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஸ்னேகா கொஞ்சம் பாக்கட்டுமே" என்று மட்டும் சொன்னார். நியூ டவுனில் ஒரு கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில்தான் அவளுக்கு வேலை.

பார்த்தாள். புது சர்வர் ஒன்றைத் தயார் செய்து, அதில் எஸ்.ஈ.லினக்ஸ் என்ற பாலிசியைக் கடுமையாகப் போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கமும் சொன்னாள். சாதாரணமாக ஒரு ஃபைலை யார் படிக்கலாம் என்பதை அதன் சொந்தக்காரர் தீர்மானிப்பார். இந்தப் பாலிசிக்கு அது போதாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள், ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு லேபிள். இந்த லேபிள் அந்த லேபிளைத் தொடலாம் என்று எழுதிவைத்திருந்தால் தொடலாம், எழுதாத எல்லாவற்றுக்கும் மறுப்பு. இன்னொரு தடவை எவனாவது வெப்சைட்டுக்குள் புகுந்தாலும் வெப்சைட்டின் லேபிள் உள்ளதைத் தாண்டி எதையும் தொட முடியாது. மாமனார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்கு இரண்டு சந்தேகம் இருந்தது, கேட்கவில்லை. அவளிடம் போய்ச் சந்தேகம் கேட்பேனா நான்?

புது சர்வர் ஓட ஆரம்பித்த திங்கட்கிழமையே வினை வந்தது. நல்ல மழை. குடையும் கையுமாக ஒரு கிழவர் கவுண்டர் முன்னால் நின்று, "தீதி, ஆமார் ரிப்போர்ட் கோதாய்?" என்று தன் ரிப்போர்ட்டைக் கேட்டு மேஜையைத் தட்டினார். கவுண்டரில் இருக்கும் ஜூமா-தி என்னைப் பார்த்து, "அனு-தி, தைராய்டு கிச்சு குல்சே நா" என்று கையை விரித்தாள். தைராய்டு எதுவும் திறக்கவில்லையாம். போய்ப் பார்த்தேன். சர்க்கரை ரிப்போர்ட் திறக்கிறது. கொழுப்பு திறக்கிறது. தைராய்டு ரிப்போர்ட்டைத் தொட்டால் மட்டும் அனுமதி இல்லை என்று வெள்ளைத் திரை.

மற்ற பரிசோதனைகளின் ரிப்போர்ட்டை மெஷினோடு சேர்ந்த புரோகிராமே நேராக வெப்சைட்டின் ஃபோல்டரில் எழுதிவிடும். தைராய்டு மட்டும் முதலில் என் ஃபோல்டருக்கு வரும். நான் எண்களைச் சரிபார்த்து, டாக்டர் ஒப்புதல் கொடுத்ததும், நானே வெப்சைட்டுக்கு அனுப்புவேன். அதாவது, என் கை பட்டது மட்டும் திறக்கவில்லை.

ஃபைலை உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று அனுமதியை அகலத் திறந்துவிட்டேன். திறக்கவில்லை. சொந்தக்காரர் பெயரை மாற்றினேன். இல்லை. வெப் சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். ஊஹும். மாமனார் பின்னால் வந்து நின்றார். நோயாளிகளுக்கு இப்போதைக்கு அச்செடுத்துக் கொடுக்கச் சொன்னார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா மொத்தமா ஸ்னேகாகிட்டயே குடுத்துடலாம், அனுராதா. நீயும் எத்தனை நாள்தான் கஷ்டப்படுவே? கவுண்டரைப் பாத்துக்கோ, போறும்" என்றார்.

கவுண்டர்! என் பெங்காலியை வைத்துக்கொண்டு!

அன்று ராத்திரி சாப்பிடும்போது ஸ்னேகா, "மன்னி, லேப்ல ஏதோ பிராப்ளமாமே? நான் ஒரு தடவை உள்ள போய்ப் பாக்கட்டா?" என்றாள். "வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்றேன். "ஏக்டு... கொஞ்சம் லாக் மட்டும் பாருங்கோ மன்னி, அதுலயே இருக்கும்" என்று ரசத்தை எனக்கு முதலில் ஊற்றினாள். லாக்! சர்வர் நடந்ததையெல்லாம் எழுதிவைக்கும் அந்தக் குறிப்பைப் பார்க்க எனக்குச் சொல்லித்தருகிறாள். அதனாலேயே அந்த லாக்கை நான் பார்க்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் பார்த்தேன்.

பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்றுதான் தோன்றியது. இவள் வேண்டுமென்றே என்னை வெளியே நிறுத்தியிருக்கிறாள். எல்லா வாசலையும் திறந்துவைத்துவிட்டு, என் வாசலை மட்டும் அடைத்திருக்கிறாள். நான் திணறுவேன், மாமனார் பார்ப்பார், சர்வர் அவள் மடியில் விழும். ஜெய்ராமிடம் சொன்னேன். "அவ அப்படிப்பட்டவ இல்லை அனு" என்றார். இவருமா!

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாலிசியைத் தடுக்காமல் எச்சரிக்கை மட்டும் செய்யும் நிலைக்கு மாற்றிப் பார்த்தேன். ஒரே ஒரு கட்டளை. திரையைப் புதுப்பித்தேன். அத்தனை தைராய்டு ரிப்போர்ட்டும் மளமளவென்று திறந்துகொண்டன. மறுபடி பாலிசியைத் தடுக்கச் சொன்னேன், மூடிக்கொண்டன. எச்சரிக்கைக்கு மாற்றினேன், திறந்தன. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? எனக்கு வந்த சந்தோஷத்தில் ஜூமா-திக்குக் கீழேயிருந்து டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

மாமனாரைக் கையோடு கூட்டிவந்து காட்டினேன். "பாருங்கோப்பா. அவ பாலிசி இருந்தா திறக்கலை, எடுத்தா திறக்கறது. என் ஃபைலை மட்டும் தடுக்கறது. வேற யாரோடதையும் தடுக்கலை. இதுக்கு என்ன அர்த்தம்?"

அவர் திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "அவளா இப்படிப் பண்ணினா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதே போதும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, "சாயங்காலம் அவளை இங்க வரச்சொல்றேன். வந்து பாலிசியை எடுத்துடட்டும். சர்வர் உன்கிட்டயே இருக்கட்டும். இதுல அவ இனிமே வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

ஜெயித்துவிட்டேன். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அத்தோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவள் வந்து வாயைத் திறக்க முடியாதபடி அடிக்க வேண்டும் என்று ஆசை. என் பெயரைக் குறிப்பிட்டு அவள் எழுதிவைத்த தடையை எடுத்து மாமனார் முன்னால் போட வேண்டும். அதற்காகத்தான் லாக்கைத் திறந்தேன்.

மறுப்பு, மறுப்பு, மறுப்பு என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொரு வரியிலும் கேட்டது யார், கேட்ட பொருள் எது, இரண்டின் லேபிள் என்ன என்று இருந்தது. கேட்டது வெப் சர்வர், சரி. கேட்ட ஃபைல் தைராய்டு ரிப்போர்ட், சரி. அந்த ஃபைலின் லேபிள், 'பயனரின் வீட்டு ஃபைல்' என்று இருந்தது. வெப்சைட் ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும் ஃபைலுக்கு வீட்டு லேபிள் எப்படி வந்தது? சர்க்கரை ரிப்போர்ட்டின் லேபிளைப் பார்த்தேன். 'வெப்சைட்' என்று ஒழுங்காக இருந்தது. பாலிசியில் என் பெயரைத் தேடினேன். தடைகளில் எங்கேயும் இல்லை. கடைசியில் பயனர்களின் பட்டியலில் இருந்தது. எனக்கு எல்லா உரிமையும் கொடுத்திருந்தாள். தனக்கு அதில் பாதிகூட வைத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான், ஃபைலை அனுப்புகிற என் கைமேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. என் ஃபோல்டரில் ஒரு வெற்று ஃபைலை உண்டாக்கி, சோதனைக்காக வெப்சைட் ஃபோல்டருக்கு நகலெடுத்தேன். லேபிளைப் பார்த்தேன். வெப்சைட். அந்த நகலை அழித்துவிட்டு, இந்தத் தடவை அதே ஃபைலை நான் எப்போதும் செய்வதுபோல நகர்த்தினேன். லேபிளைப் பார்த்தேன். வீடு.

நகல் எடுத்தால் போகிற இடத்தில் புதிதாகப் பிறக்கிறது, அந்த இடத்து லேபிள் ஒட்டிக்கொள்கிறது. நகர்த்தினால் பழைய லேபிளோடே போய்ச் சேருகிறது. இதை லேபில் வேலை செய்கிற நான் யோசித்திருக்க வேண்டும். ரத்தக் குப்பியில் ஒட்டிய லேபிள், குப்பியை எந்த ஸ்டாண்டில் மாற்றி வைத்தாலும் மாறுமா?

ஊரெல்லாம் நகலெடுக்கும்போது நான் மட்டும் ஏன் நகர்த்தினேன் என்றால், அது எங்கள் லேபின் சட்டம். ஒரு நோயாளிக்கு ஒரே ரிப்போர்ட், இரண்டாவது பிரதி இருக்கவே கூடாது. எப்போதோ காகித காலத்தில், திருத்தாத பிரதி ஒன்று மேஜையில் கிடந்து நோயாளி கைக்குப் போய்விட்டதாம். அதிலிருந்து மாமனார் வைத்த சட்டம். நான் வந்த முதல் வாரமே எனக்குச் சொன்னார். பதினாலு வருடத்தில் ஒரு தடவைகூட நான் நகலெடுத்ததில்லை. ஸ்னேகாவுக்கு இந்தச் சட்டமே தெரியாது. இதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.

பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஏன் நினைக்கக் கூடாது? பாலிசி தடுக்காமல் இருந்தால் எல்லாம் திறக்கிறது. மாமனார் தீர்ப்பும் சொல்லிவிட்டார். ஆனால் அவள் வந்து லாக்கில் ஒரு வரி படித்தால் போதும். அதுவும் தவிர, பாலிசி இல்லாமல் விட்டால் போன வருடம் வந்தவன் மறுபடி வருவான். வந்தால் இந்தத் தடவை அந்தக் கிழவரின் தைராய்டோடு சேர்த்து ஊர் ரத்தம் பூராவும் அவன் கையில் இருக்கும்.

நான் முடிவுக்கு வருவதற்குள் ஸ்னேகா வந்துவிட்டாள். நியூ டவுனிலிருந்து கேப்பில் வந்தவள் பைபாஸில் தண்ணீர் தேங்கி மாட்டிக்கொண்டு, கடைசியில் பாதி தூரம் நடந்திருக்கிறாள். சல்வார் முழங்கால்வரை நனைந்திருந்தது. அந்த நிலையிலும் ஜூமா-தியிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். மாமனார் அவளைப் 'பௌமா' என்று கூப்பிடவில்லை. "ஸ்னேகா, இங்க வா" என்றார்.

நான் காட்டியதை எல்லாம் அவரே சொன்னார். அவள் என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். நான் மூட மறந்த லாக் அங்கேயே திறந்து கிடந்தது. லேபிள் பார்த்த கட்டளைகளும் அப்படியே இருந்தன. அவள் ஒரு முறை படித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். "அப்பா, தப்பு என்னோடதுதான்."

"அப்படின்னா?"

"இங்க ஃபைலை எப்படி அனுப்பறான்னு நான் மன்னிகிட்ட கேட்டுண்டு பாலிசி போட்டிருக்கணும். கேக்கலை. என் மிஸ்டேக். மன்னிமேல ஒண்ணுமே இல்லை. சாரிப்பா."

மாமனார் முகம் அந்தக் கணமே இளகியது. வெண்ணெய்கூட அப்படி இளகாது. "தப்புன்னு ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும், பௌமா" என்று அவள் தலையில் கையை வைத்தார். வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கற்றுக்கொள் என்று அர்த்தம்.

எனக்கு உச்சந்தலை பற்றிக்கொண்டது. காபி அவளுடையது, பெங்காலி அவளுடையது, சர்வரும் பாதி அவளுடையது. இப்போது என் தப்பையும் எடுத்துக்கொண்டு அதற்கும் பாராட்டு வாங்குகிறாள்! அதை நான் செய்தேன். என் ஃபோல்டரிலிருந்து, என் கையால், ஒவ்வொன்றாக நான் செய்தேன். இவள் யார் அதை எடுத்துக்கொள்ள?

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது!" என்று கத்தினேன். கவுண்டரில் ஜூமா-தி எட்டிப் பார்த்தாள். "தப்பு என்னோடது. முழுக்க என்னோடது. அவ பாலிசி சரியாத்தான் இருக்கு. நான் ஃபைலை காப்பி பண்ணாம மூவ் பண்ணினேன். மூவ் பண்ணினா பழைய லேபிளோடயே போகும், அதான் திறக்கலை. லாக்ல திங்கட்கிழமையிலேருந்தே எழுதியிருக்கு. நான் பாக்கலை. ஏன்னா அவ பாக்கச் சொன்னா."

கீழே தெருவில் குடை விற்கிறவன் கத்திக்கொண்டிருந்தான். மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் மூவ் பண்ணினே?"

"நீங்க சொன்னதுதாம்ப்பா. ஒரு பேஷண்டுக்கு ஒரே ரிப்போர்ட். ரெண்டாவது காப்பி இருக்கப்படாது."

"அது காகிதத்துக்குச் சொன்னேன்மா."

"எனக்கு அப்படிப் பிரிச்சு சொல்லலையே."

அவர் கண்ணாடியை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "இத்தனை வருஷமா அதைக் கடைப்பிடிச்சிண்டா இருக்கே?" என்றார். அந்தக் குரலில் இருந்தது என்ன என்று நான் கண்டுபிடிப்பதற்குள் ஸ்னேகா புகுந்துவிட்டாள்.

"நல்ல ரூல்ப்பா அது! மாத்த வேண்டாம். மூவ் பண்ணிட்டு, அந்த ஃபோல்டருக்கு ரெஸ்டோர்கான்னு ஒரு கமாண்ட் குடுத்தா போறும், லேபிள் சரியாயிடும்."

அந்தக் கட்டளை எனக்கும் தெரியும். அவள் வருவதற்கு முன்னாலேயே தேடி எடுத்து வைத்திருந்தேன். என் வாயில் இருந்ததை அவள் சொல்லிவிட்டாள்.

கீபோர்டை என் பக்கம் தள்ளினாள். "நீங்களே போடுங்கோ மன்னி."

போட்டேன். திரையில் வரிவரியாக வீட்டு லேபிள் போய் வெப்சைட் லேபிள் வந்தது. பாலிசியை மறுபடி தடுக்கும் நிலைக்குக் கொண்டுவந்தேன். தைராய்டு ரிப்போர்ட் ஒன்றைத் தொட்டேன். திறந்தது. கவுண்டரிலிருந்து ஜூமா-தி, "ஸ்னேகா-தி, குலே கேச்சே!" என்று, திறந்துவிட்டதாகச் சத்தம் போட்டாள். கூப்பிட்டது ஸ்னேகாவின் பெயரைத்தான்.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இப்போது கேட்பார், சொல்வார் என்று காத்திருந்தேன். இத்தனை வருடம் சட்டத்தைக் காப்பாற்றியவளிடம், உண்மையைப் போட்டு உடைத்தவளிடம், சர்வர் உன்னுடையது என்று அவர் தன் வாயால் சொன்னால் போதும், வேறெதுவும் வேண்டாம். அவர் ஸ்னேகாவைப் பார்த்தார்.

"அப்போ இனிமே சர்வரை யார் பாத்துக்கறது, பௌமா?"

"மன்னிதான்ப்பா. என்னைவிட அவாளுக்குத்தான் இந்த லேப் தெரியும்."

"நீ சொன்னா சரி" என்றார் அவர்.

பதினாலு வருடமாக என்னுடையதாக இருந்தது, அவள் சொல்லி எனக்குக் கிடைத்தது. அதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன், எனக்கே காதில் விழவில்லை.

வெளியே மழை விட்டபாடில்லை. வீட்டுக்குப் போக நானும் ஸ்னேகாவும் நிறுத்திய காளிகாட் ஷேர் ஆட்டோவில் பின்சீட்டில் இரண்டு இடம் இருந்தது, நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. ஓரத்தில் உட்கார்ந்தால் சாரல் முழுக்க மேலே அடிக்கும். "நீங்க உள்ள உக்காருங்கோ மன்னி, நான் எப்படியும் நனைஞ்சுட்டேன்" என்று ஸ்னேகா ஒதுங்கி வழிவிட்டாள். நான் அவளை உள்ளே தள்ளிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தேன். காளிகாட் வரைக்கும் நனைந்துகொண்டே வந்தேன்.